ஊர்ப் பிள்ளைகளோடு வேலை செய்வதையே பிழைப்பாக்கிக்கொள்ள

டிப்ளோமாவோ டிகிரியோ முடித்துவிட்டு, ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போவதா, இல்லை இங்கேயே சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு நடத்துகிற வகுப்பையே முழுநேர வேலையாக்கிக்கொள்ள முடியுமா என்று யோசிக்கிற தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் சேவை மனப்பான்மை மட்டும் போதாது, இதை ஒரு தொழிலாகவே பார்க்க வேண்டும். தொழில் என்றால் சம்பளம், கணக்கு, வேலை நேரம், லீவு, நீங்கள் போன பிறகு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் எல்லாமும்தான்.

"சேவைக்குப் போய் யாராவது சம்பளம் வாங்குவாங்களா?" என்று ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும். இந்த ஊர்க்காரரான, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். பால்மரம் சீவிய தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. தோட்டம் தோட்டமாகப் போய் மேடையில் பேசியதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஒவ்வொரு பத்து வெள்ளிக்கும் ரசீது எழுதிக் கணக்கு வைத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் இல்லையென்றால் இரண்டாவது மாதம் யார் காசு கொடுத்திருப்பார்கள்?

யாருக்கு வேலை செய்யப்போகிறீர்கள்

"இந்திய இளைஞர்களுக்கு" என்று சொன்னால் அது பதில் இல்லை. முன்பு எல்லாரும் ஒரே தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். பள்ளிக்கூடம், கோயில், மளிகைக் கடை எல்லாம் கூப்பிடு தூரம். சாயந்திரம் திடலில் நின்று விசில் அடித்தால் காற்பந்துக்கு இரண்டு குழு சேர்ந்துவிடும். இப்போது தோட்ட வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் ஊரைச் சுற்றியுள்ள தாமான்களிலும் மலிவு விலை வீடுகளிலும் சிதறிவிட்டன. அப்பா ஒரு பக்கம் லோரி ஓட்டுவார், அம்மா தொழிற்சாலை ஷிப்ட்டில் இருப்பார். பையன் எங்கே இருக்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

பள்ளிக்கூட நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள், மூன்றாம் படிவ பி.டி.3 தேர்வை 2022இல். ஆக அந்த மாற்றத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை நாடு முழுக்க நடக்கிற பொதுத்தேர்வை முதல்முறை எழுதியதே ஐந்தாம் படிவத்தில், எஸ்.பி.எம்.மில்தான். பரீட்சை போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து மலாயில் தடுமாறுகிற பிள்ளை, வாய் திறக்காமல் பின்பெஞ்சிலேயே ஐந்து வருசத்தை ஓட்டிவிட முடிகிறது. பள்ளி அளவில் மதிப்பீடு நடக்கிறதுதான், அந்தத் தாளை வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் புரிந்துகொள்கிற பெற்றோர் எத்தனை பேர்?

அதனால் ஒரு வயதை, ஒரு சிக்கலைப் பிடியுங்கள். இரண்டாம் படிவத்தில் மலாய் வாசிக்கத் திணறுகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது எஸ்.பி.எம். முடித்துவிட்டு, மோட்டாரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கும் சிங்கப்பூர் ஏஜெண்டுக்கும் நடுவே நிற்கிற பதினெட்டு வயதுக்காரர்கள். இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள். அவர்களுக்கு வேண்டியது வேறு, அவர்கள் வருகிற நேரம் வேறு, பேசுகிற முறையே வேறு.

நேரம் என்பது சாதாரண விசயம் இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு என்று அறிவிப்பீர்கள். முதல் வாரம் மண்டபம் நிறையும், மூன்றாவது வாரம் முன்வரிசை மட்டும் இருக்கும். "நம்ம பிள்ளைங்களுக்கு அக்கறையே இல்லை" என்று கமிட்டியில் யாராவது பெருமூச்சு விடுவார். அவரை விட்டுவிட்டு வராத பையன் வீட்டுக்குப் போன் போடுங்கள்.

"அக்கா, மண்டபத்தில வகுப்பு எடுக்கிறேனே, நான்தான் பேசறேன். பையன் ரெண்டு வாரமா வரல, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. சனிக்கிழமைன்னா அப்பாகூட கொட்டை பொறுக்கப் போயிடுவான். செவ்வாய்க்கிழமை வச்சீங்கன்னா அனுப்பி வைக்கிறேன்."

அவ்வளவுதான் விசயம். சிறுதோட்டக்காரர்களிடம் வாரக்கடைசியில் குலை வெட்டு நடக்கும். உதிர்ந்து கிடக்கிற செம்பனைக் கொட்டைகளைப் புல்லை விலக்கி வாளியில் கூட்டி, சாக்கில் கட்டித் தள்ளுவண்டியில் ஏற்றினால் எடைக்குக் காசு. அதில்தான் அவன் போனுக்குப் பணம் போடுகிறான், சமயத்தில் வீட்டுக்கும் கொடுக்கிறான். வகுப்பைச் செவ்வாய், வியாழன் சாயந்திரத்துக்கு மாற்றுங்கள். பள்ளி முடிந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு வர நேரம் விட்டு ஐந்தரைக்கு வைத்து, ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பெண்பிள்ளைகளை அனுப்புகிற வீடுகளில் இருட்டு பெரிய கேள்வி. இப்படிப் பத்து வீட்டுக்குப் பேசி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் ஏதாவது அறக்கட்டளை "தேவை ஆய்வு நடத்தினீர்களா" என்று கேட்கும்போது காட்ட வேண்டியது அந்த நோட்டைத்தான்.

நிகழ்ச்சி நடத்துவது பற்றி ஒரு வார்த்தை

நம் ஊரில் இளைஞர் பணி என்றால் பேனர், குத்துவிளக்கு, பிரமுகருக்குப் பொன்னாடை, மத்தியானம் பிரியாணி, கடைசியில் எல்லாருக்கும் சான்றிதழ். ஒரு நாளில் முடிந்துவிடும், படமும் நன்றாக வரும். மறுநாள் அந்தப் பையனுக்கு எதுவும் மாறியிருக்காது. மாதம் ஒரு விழா நடத்துவதைவிட, வாரம் இரண்டு முறை அதே இருபது பேரை அதே ஆள் பார்ப்பதுதான் வேலை செய்யும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெப்புக்காக ஓர் ஏணி வரைந்து காட்டினார். பிள்ளைகளின் பங்கேற்பு எப்படியெல்லாம் இருக்கும் என்று எட்டுப் படி. கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: பிள்ளைகளை ஏமாற்றிப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்தி வைப்பது, பேருக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது. தாம்பாளம் ஏந்தி வரிசையாக நிற்கிற நம் பெண்பிள்ளைகள் எந்தப் படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ளிவிடவும் வேண்டாம். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசில் 1950களில் வந்த மாணவர் மணிமன்றத்திலிருந்து கிளைத்த மணிமன்றங்களில், இளைஞர்களே கூட்டம் நடத்தி, குறிப்பெழுதி, மேடையேறிப் பேசிப் பழகினார்கள். அதையே இன்றைக்குச் செய்யலாம். உங்கள் இருபது பேரில் ஒருவரைப் பொருளாளராக்கி, தேநீர்ச் செலவுக்கு ஐம்பது வெள்ளியைக் கையில் கொடுத்து, மாதக் கடைசியில் எல்லார் முன்னாலும் கணக்குச் சொல்லச் சொல்லுங்கள். எதையும் பார்த்துவிட்டு "அது சரியில்லை" என்று நீங்கள் பாய்ந்து பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. சொந்தமாக எதையும் கட்டமைக்க நேரமில்லை என்றால், இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சின் அனுகெரா ரெமாஜா பெர்டானா திட்டம் இருக்கிறது. 14 முதல் 25 வயதுக்காரர்களுக்கு. சமூகப்பணி, திறன், உடற்பயிற்சி, பயணம் என்று வெண்கலம், வெள்ளி, தங்கம் வரை போகலாம். எடின்பரோ கோமகன் விருதின் மலேசிய வடிவம் அது.

முதல் இரண்டு வருசம் வெளியே போய்க் கற்றுக்கொள்ளுங்கள்

ஊரிலேயே தொடங்க வேண்டும் என்கிற ஆசை புரிகிறது. இருந்தாலும் ஏற்கெனவே நடக்கிற ஓர் இடத்தில் வேலை பார்த்துவிட்டு வருவது நல்லது. படிப்பை நிறுத்திவிட்ட இளைஞர்களுக்குத் தொழில்திறன் சொல்லிக்கொடுக்கிற மைஸ்கில்ஸ் அறவாரியம் உலு சிலாங்கூரில் கலும்பாங்கில் இருக்கிறது. அங்கே தங்கிப் படிக்கிற பையன்களைக் காலை எழுப்புவதிலிருந்து வேலையில் சேர்க்கிறவரைக்கும் ஒருவர் பின்னால் நின்று பார்ப்பதுதான் நீங்கள் கற்க வேண்டிய பாடம். ஸ்ரீ முருகன் நிலையம் 1982இலிருந்து தொண்டூழிய ஆசிரியர்களை வைத்து வகுப்புகளை நடத்தி வருகிறது. தொண்டூழியர்களை எப்படிக் கூட்டிச் சேர்த்து, விட்டுப் போகாமல் வைத்துக்கொள்வது என்பதை அங்கே பார்க்கலாம். டிகிரி இருந்தால் டீச் ஃபார் மலேசியா இருக்கிறது. இரண்டு வருசம் சம்பளத்தோடு சிரமமான பள்ளிகளில் பாடம் நடத்தவேண்டும். படிப்பாகவே படிக்க விரும்பினால், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் படிப்பு 1975இல் தொடங்கியது, நாட்டில் முதலாவது அதுதான்.

எங்கே போனாலும் வகுப்பறையிலேயே நின்றுவிடாதீர்கள். கணக்கு எழுதுகிற அக்கா பக்கத்தில் போய் உட்காருங்கள். ரசீதை எப்படி வரிசைப்படுத்துகிறார், சில்லறைச் செலவுக்கு எப்படிச் சீட்டு எழுதுகிறார், தணிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். பிள்ளைகளோடு நன்றாகப் பழகுகிற இளைஞர்கள் நம்மிடம் நிறைய. ஒரு பக்கக் கூட்டக்குறிப்பை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள்தான் கிடைப்பதில்லை, பதவி உயர்வும் அவர்களுக்குத்தான் போகிறது. மலாயில் கடிதம், ஆங்கிலத்தில் திட்ட வரைவு, தமிழில் பெற்றோரோடு பேச்சு. மூன்றும் வேண்டும். அரசாங்கத்துக்குப் போவது மலாய், பெரிய நிறுவனங்களின் அறக்கட்டளைக்குப் போவது பெரும்பாலும் ஆங்கிலம். மலாய்க் கடிதம் எழுதப் பள்ளி ஆசிரியர் யாரையாவது பிடித்துத் திருத்தி வாங்கினால் ஆறு மாதத்தில் கை வந்துவிடும்.

பதிவும் பணமும்

ஏழு பேர் இருந்தால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் சங்கப் பதிவிலாகாவில் பதியலாம், எல்லாம் இணையத்தில் இரோசஸ் என்கிற பதிவுத் தளம் வழியாகத்தான். இளைஞர் சங்கமாகவே பதிவதென்றால் அது 2007ஆம் ஆண்டு இளைஞர் சங்கச் சட்டம், பதிவாளரும் வேறு. அந்தச் சட்டத்தில் இளைஞர் என்றால் நாற்பது வயதுவரை என்று இருந்தது. 2019இல் நாடாளுமன்றம் அதை முப்பதாகக் குறைத்துத் திருத்தியது. (நம் பக்கம் நரைத்த தலையோடு இளைஞர் பகுதித் தலைவராக இருக்கிறவர்களுக்கு அன்று தூக்கம் வந்திருக்காது.)

பதிவது சுலபம், உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை. ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். கணக்கு முடியவில்லை, செயலாளர் வேலை மாறிப் போய்விட்டார், தலைவரும் பொருளாளரும் பேசிக்கொள்வதில்லை என்று இதை விட்டுவிட்டுப் பதிவை இழந்த சங்கங்கள் உண்டு. கூட்டம் எந்த மாதம் என்பதை வருச ஆரம்பத்திலேயே முடிவு செய்து, கோயில் திருவிழா மாதத்தையும் தீபாவளியையும் தவிர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், இரண்டு பேர் கையெழுத்தோடு. உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு வெள்ளிகூட வாங்காதீர்கள், "அவசரத்துக்கு இதில போட்டுடறேன் தம்பி" என்று நன்கொடையாளரே சொன்னாலும் சரி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) உண்டியல் வைப்பதோ வீடு வீடாக வசூலுக்குப் போவதோ என்றால் 1947ஆம் ஆண்டு வசூல் சட்டப்படி போலீஸ் பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் பிள்ளைகளை டின்னோடு அனுப்புகிற வேலையே வேண்டாம். பெர்மிட் இருந்தாலும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

மானியத்துக்கு எங்கே போவது? மித்ரா என்கிற அரசாங்கத்தின் இந்தியர் உருமாற்றப் பிரிவு இருக்கிறது, 2018இல் செடிக் என்ற பழைய பிரிவை மாற்றி அமைத்தது. யாயாசான் ஹசானா மாதிரி அறக்கட்டளைகள் இருக்கின்றன. பக்கத்திலேயே இன்னொரு கதவு இருப்பதைப் பலர் பார்ப்பதில்லை: தோட்ட நிறுவனங்கள். செம்பனைத் தோட்டங்களுக்கு, 2004இல் தொடங்கிய ஆர்.எஸ்.பி.ஓ. அமைப்பு தருகிற சான்றிதழ், 2020இலிருந்து மலேசியாவில் கட்டாயமான எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் இரண்டுமே சுற்றுவட்டாரச் சமூகத்தோடு தோட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் கேட்கின்றன. அதனால் தோட்ட நிர்வாகியைப் பார்க்கப் போகும்போது நீங்கள் பிச்சை கேட்கிறவர் இல்லை. அவர் தணிக்கையில் காட்ட வேண்டிய ஒன்றைக் கொண்டுபோகிறீர்கள். முதல் தடவை காசு கேட்காதீர்கள். தோட்டத்துப் பழைய டேவானை (மண்டபத்தை) சாயந்திரம் திறந்துவிட முடியுமா, கூடாரம் கிடைக்குமா, பிள்ளைகளைக் கொண்டுவர வேன் கிடைக்குமா என்று கேளுங்கள். மறக்காமல் நன்றிக் கடிதம் கொடுங்கள். அதைக் கோப்பில் வைப்பார், அடுத்த வருசம் உங்களைக் கூப்பிடுவார்.

நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்க வேண்டுமானால் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அனுமதி வாங்க வேண்டும். வரி வாரியத்துக்கு விண்ணப்பம், கணக்கு, நடவடிக்கை அறிக்கை எல்லாம் போகும். நாலைந்து வருசம் சுத்தமாகக் கணக்கு வைத்த பிறகு அதைத் தொடலாம், தொடக்கத்திலேயே அதில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

திட்ட வரைவு எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் விழுகிற இடம் இது. நூற்றில் தொண்ணூறு வரைவுகள் இப்படித்தான் தொடங்கும்: "பின்தங்கிய இந்திய இளைஞர்களின் தன்னம்பிக்கையை வளர்த்து, அவர்களை நாளைய தலைவர்களாக உருவாக்குவதே எங்கள் நோக்கம்." இதை வாசிக்கிற அதிகாரி அன்றைக்கு இதே வாசகத்தைப் பல தடவை வாசித்திருப்பார். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "இரண்டாம் படிவத்தில் மலாய் வாசிக்கத் திணறும் 20 மாணவர்கள். வாரம் இரண்டு மாலை, எட்டு மாதம். முதல் வாரம் ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் குரலைப் பதிவு செய்வோம். எட்டாவது மாதம் அதே அளவுள்ள வேறொரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வோம். இரண்டையும் பள்ளியின் மலாய் ஆசிரியர் கேட்டு மதிப்பிடுவார்." இதில் அலங்காரம் ஒன்றுமில்லை. ஆனால் காசு கொடுக்கிறவருக்கு எட்டு மாதம் கழித்து என்ன கேட்கலாம் என்று தெரிகிறது. உங்களுக்கும் செவ்வாய்க்கிழமை என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது.

எஸ்.பி.எம். முடித்தவர்களோடு வேலை செய்தால், வகுப்பில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு கணக்கு நிற்காது. ஆறு மாதம் கழித்துப் பையன் எங்கே இருக்கிறான்? தொழிற்பயிற்சிக் கூடத்தில் எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) இரண்டாம் நிலை படிக்கிறானா, பாதியில் விட்டுவிட்டானா, விட்டிருந்தால் ஏன்? ஒரு வருசத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு போன். இந்தப் போன்களுக்கும் வரவுசெலவில் இடம் வேண்டும், யாரும் போடுவதில்லை.

சம்பளத்தையும் அதே வரைவில் எழுதுங்கள். 'இதர செலவு' என்று ஒளித்து வைக்காமல், 'ஒருங்கிணைப்பாளர் ஊதியம்' என்று நேராகவே. 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அது சங்கத்தில் வேலை செய்கிறவருக்கும்தான். அதன் மேல் முதலாளி தரப்பு ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி, பிறகு சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புச் சந்தா. 'அலவன்ஸ்' என்று கையில் எண்ணூறு வெள்ளி கொடுத்து முழுநேரம் வேலை வாங்குகிற அமைப்புக்குப் போகாதீர்கள், நீங்களும் நாளைக்கு யாரையும் அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் வாங்கப்போவது நீங்கள்தான் என்றால் செயலவைப் பதவியில் இருக்காதீர்கள். செயலவை உங்களை வேலைக்கு எடுத்ததாகக் கூட்டக்குறிப்பில் பதியட்டும். உங்கள் சம்பளக் காசோலையில் உங்கள் கையெழுத்து இருக்கக் கூடாது. முதல் மானியம் வருகிறவரை பகல் வேலை ஒன்று இருப்பது நல்லது. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், வயிறு நம்முடையது.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முதல் வகுப்புக்கு முன்னாலேயே எழுதி ஒட்ட வேண்டியது இது.

பிள்ளைகள் இருக்கிற இடத்தில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர். யாரும் ஒரு பிள்ளையைத் தனியாகக் காடியில் ஏற்றிக்கொண்டு போவதில்லை, மழை கொட்டினாலும் சரி. மழைக்கு என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பிள்ளைகளோடு தனிச்செய்தி கிடையாது, குழுவில் பெற்றோரும் இருப்பார்கள். தொண்டூழியர் யாராக இருந்தாலும், தலைவரின் மச்சானாக இருந்தாலும், அடையாள அட்டை நகல், முன்பு வேலை பார்த்த இடத்துக்கு ஒரு போன். பிள்ளைகளுக்கெதிரான குற்றவாளிகள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்க என்ன செய்ய வேண்டும் என்பதைச் சமூக நல இலாகாவில் கேளுங்கள். "நம்ம ஊரு ஆளுதானே" என்று சொல்லி இதை நழுவவிடுகிற இடத்தில்தான் ஆபத்து நுழையும். மறுப்புச் சொல்கிறவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், நல்ல தொண்டூழியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொல்லிவிட்டால்? கேளுங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், கொடுக்க முடியாது. சிறார் பாலியல் குற்றச் சட்டம் 2017இல் வந்தது. அதன் 19வது பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வருகிற குற்றம் ஒன்று நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது யாருக்குமே குற்றம். ஐயாயிரம் வெள்ளிவரை அபராதம். பஞ்சாயத்துப் பேசி முடித்துவிடலாம், பெண்பிள்ளை மானம் போய்விடும் என்று ஊர்ப் பெரியவர்கள் உங்களைச் சுற்றி உட்காருவார்கள். அவர்களில் சிலர் உங்கள் மண்டபத்துக்குச் சாவி வைத்திருப்பவர்களாகவும் இருப்பார்கள். புகார் போயாக வேண்டும். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, இருபத்துநாலு மணி நேரமும். பதினெட்டு வயது நிறையாதவர் எல்லாரும் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி பிள்ளைதான், மீசை வைத்திருந்தாலும். பிள்ளை சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரம் போட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். உங்கள் விளக்கத்தை அதில் சேர்க்க வேண்டாம்.

படங்களும் இதில்தான் சேரும். 'தந்தையை இழந்த ஏழை மாணவிக்கு உதவி' என்று முகம் தெரியப் போட்டால் அந்தப் பெண் மறுநாள் வகுப்பறையில் எப்படி உட்காருவாள்? நன்கொடையாளர் படம் கேட்டால் கைகளையும் புத்தகங்களையும் எடுத்துக் கொடுங்கள்.

கட்சிக்காரர்கள்

தவிர்க்க முடியாது. ஒய்.பி. (நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்) வந்தால் மானியம் வரும், வராவிட்டால் மண்டபம்கூடக் கிடைக்காமல் போகும். எனக்குத் தெரிந்த ஒரே வழி, எல்லாத் தரப்புக்கும் ஒரே அழைப்புக் கடிதம், ஒரே தேதியில், நகலைக் கோப்பில் வைத்து அனுப்புவது. யார் வந்தாலும் வரவேற்புரை ஒன்றுதான், பேச நேரமும் ஒன்றுதான். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிகிறவரை விழா எதுவும் வேண்டாம். வகுப்பு மட்டும் நடக்கட்டும். பிள்ளைகளுக்குக் கட்சி டீசட்டை போட்டுவிட யார் வந்தாலும் "சங்கத்து விதியில இடமில்லண்ணே" என்று சொல்லலாம். சொல்வதற்கு வசதியாக அதை முன்பே விதியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவராக இருப்பது, பிறகு விலகுவது

நாலைந்து வருசத்தில் உங்களுக்குக் கீழே இரண்டு பேர் சம்பளத்துக்கு இருப்பார்கள். அப்போது உங்கள் வேலை மாறிவிடும், அது பலருக்குப் பிடிக்காது. பிள்ளைகளோடு இருக்கிற நேரம் குறைந்து, அறிக்கை, பேச்சுவார்த்தை, செயலவைச் சண்டை என்று போகும். வாரத்தில் ஒரு வகுப்பையாவது உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் அறிக்கை எழுதுகிற ஆளாகிவிடுவீர்கள். வேலையாட்களுக்கு வாரம் ஒரு நாள் லீவு என்றால் லீவுதான். இரவு பதினொன்றுக்குப் புலனத்தில் வேலை சொல்கிற தலைவரிடம் யாரும் நீண்ட நாள் இருக்க மாட்டார்கள்.

விலகுவதற்கு முன்னால் ஒரு வருசம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருசம் நன்கொடையாளரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அடுத்து வருகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் கொஞ்சமாகப் பேசுங்கள். முடிந்தால் அவர் நீங்கள் பத்து வருசத்துக்கு முன் வகுப்பில் பார்த்த பிள்ளைகளில் ஒருவராக இருக்கட்டும். இல்லையென்றால் வெளியிலிருந்து எடுப்பதிலும் தப்பில்லை. உங்கள் சொந்தக்காரராக மட்டும் இருக்க வேண்டாம். கடைசி மாதத்தில் மண்டபச் சாவி யாரிடம், தோட்ட நிர்வாகியின் கிளார்க் பெயர் என்ன, வேன்காரருக்கு எந்தத் தேதியில் பணம், எந்த வீட்டு அப்பா குடித்துவிட்டு வந்து வாசலில் நிற்பார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரோசஸ் கணக்கும் வங்கிக் கணக்கும் உங்கள் சொந்தப் போன் எண்ணில் இருந்தால், போவதற்கு முன்னால் அவற்றைச் சங்கத்தின் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எண்ணுக்கு மாதம் பத்து வெள்ளி ரீலோட் போடுவது யார் பொறுப்பு என்பதையும் கூட்டக்குறிப்பில் எழுதி வையுங்கள்.